பெடலில் இன்னொரு கால்

விளக்கை உடைத்த நாளிலிருந்து அவருக்கு விளக்குக் கேப்டன் என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை. பணியாளர் அறைக்குள் அவர் நுழையும்போது யாராவது ஒருவர் கூரையைப் பார்த்து, "இங்க வெளிச்சம் கம்மியா இருக்கே" என்பார். அவரும் சிரித்துவைப்பார். சிரிக்காவிட்டால் அந்தப் பெயர் ஓய்வு பெறும்வரை ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். ஓடுபாதைக்குக் குறுக்கே இடப்பக்கமிருந்து பலமான காற்று. விமானத்தின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிவைத்து, நண்டு மாதிரி சாய்வாக நகர்ந்து இறங்கி வந்தார். தரையைத் தொடும் முன் வலது பெடலை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். சக்கரங்கள் உருண்டு வேகம் குறையும்வரை மிதித்த காலை எடுக்கக் கூடாது. அவர் மிதித்தார், தொட்டார், அப்பாடா என்று காலைத் தளர்த்தினார். அந்த அப்பாடாவுக்குள் மூக்கு மறுபடி காற்றுப் பக்கம் திரும்பியது. ஒரு சக்கரம் ஓரத்துக்குப் போய் விளக்கு ஒன்றை நசுக்கியது. பயணிகளில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. மீதிப் பேர் கைதட்டினார்கள்.

கம்பெனி அவரைச் சிமுலேட்டருக்கு அனுப்பியது. அங்கே முதல் சோதனையில் வேறு விதமாகத் தவறினார். கால் பெடலை மிதிக்கவே தயங்கியது. சூடு பட்ட கை அடுப்புப் பக்கம் போகத் தயங்குவதுபோல. தயக்கம் ஒரு நொடிதான். ஓடுபாதையின் மேல் ஒரு நொடி என்பது நிறைய.

இன்று இரண்டாவது சோதனை. இதிலும் தவறினால் கேப்டனுக்குரிய இடது இருக்கை போய்விடும். வலது இருக்கையில் துணை விமானியாக உட்கார வேண்டும், நேற்றுவரை தன்னைக் கேப்டன் என்று கூப்பிட்டவர்களுக்குப் பக்கத்தில். வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. மகள்கூடக் காலையில், "ஆல் த பெஸ்ட்" என்று சொல்ல வாயெடுத்து, "பால் தீர்ந்துடுச்சு" என்று முடித்தாள்.

பயிற்சிக் கட்டிடம் வெளியிலிருந்து பார்த்தால் குளிர்பதனக் கிடங்கு மாதிரி இருக்கும். உள்ளே பெரிய கூடத்தின் நடுவில், ஆறு இரும்புக் கால்களின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. அதுதான் சிமுலேட்டர். உள்ளே போனால் அச்சு அசல் விமானி அறை. கேப்டன் கூடத்தின் ஓரத்தில் காபி இயந்திரத்தின் முன் நின்றிருந்தார். அது கோப்பையைக் கொடுத்தது, காபியைக் கொடுக்கவில்லை.

"பக்கத்துல ஒரு தட்டு தட்டணும் அத்தான்."

திரும்பினார். மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் துணை விமானி. டை கட்டி, தலை வாரி, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வந்திருந்தான்.

"நீ எங்கடா இங்க?"

"உங்களுக்கு வலது சீட் நான்தான். வர வேண்டியவருக்குக் காது வலியாம். காலைல ஃபோன் பண்ணாங்க."

"வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைச்சிருந்தா என்னைக் கூப்பிடுவாங்களா?"

மச்சினன் இயந்திரத்தைத் தட்டினான். காபி வந்தது. கோப்பையை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். வீட்டிலும் அப்படித்தான் நீட்டுவான். அடுத்த மாதம் அவனுக்குக் கேப்டன் தேர்வுக் குழு. நல்ல கை, நல்ல கண், நல்ல ஞாபகம். ஒரே குறை, பேச மாட்டான். இவன் அக்கா பல் மருத்துவர். ஊரில் எல்லார் வாயையும் திறக்கவைத்தவளுக்கு, கூடப் பிறந்தவன் வாயைத் திறக்கவைக்க முடியவில்லை.

"அக்கா பேசினாளா?"

"பேசினா."

"என்ன சொன்னா?"

"பார்த்துக்கோடான்னா."

"எதை?"

மச்சினன் தன் காபியை ஊதினான். "உங்களைத்தான்."

பரிசோதகர் ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, காலில் தட்டைச் செருப்பு. பெட்டிக்குள் விமானிகளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, திரையில் விரலால் தொட்டுக் காற்றைக் கூட்டுவார், குறைப்பார். விமானிகள் அவரைக் காற்றுக்காரி என்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

விளக்க அறையில் வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போட்டார். அது ஓடுபாதை. குறுக்கே ஓர் அம்பு. அது காற்று.

"இன்னிக்குக் காத்து என் இஷ்டம். கேப்டன் பறப்பார். நீங்க" என்று மச்சினனைப் பார்த்தார், "பார்க்கணும், சொல்லணும். ரெண்டே வேலை. விலகினா டிரிஃப்ட். எந்தப் பக்கம்னும் சொல்லணும். திரும்ப நேராகலைன்னா கோ அரவுண்ட். அந்த வார்த்தை வந்துட்டா, கேப்டன், நீங்க ஏன் எதுக்குன்னு கேட்கக் கூடாது. இறங்கறதை விட்டுட்டு மேல ஏறணும். மேல போய் ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் வேண்டாங்கல."

கேப்டன் தலையாட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமாமே?"

"அவர் என் அக்கா வீட்டுக்காரர் மேடம்" என்றான் மச்சினன்.

"சரி. அக்கா வெளிய இருக்கட்டும்."

பெட்டியின் கதவு மூடியது. அதற்குள் ஏறிவந்த பாலம் விலகியது. முன் கண்ணாடியில் ஒரு போலி ஊர் விரிந்தது. போலி ஏரி, போலி சாலை, போலி லாரிகள். தூரத்தில் ஓடுபாதை, சாம்பல் நிற நாடா போல. பெட்டி ஆறு கால்களில் லேசாக அசைய, வயிறு உண்மையிலேயே பறப்பதாக நம்பிவிட்டது.

முதல் இறக்கத்தில் காற்று மிதமாகத்தான் இருந்தது. நேராகத் தொட்டார். பரிசோதகர், "ம்" என்றார்.

இரண்டாவதில் காற்று ஏறியது. மூக்கு இடப்பக்கம் பார்த்திருக்க, ஓடுபாதை வலப்பக்கக் கண்ணாடி வழியாக வந்தது. இயந்திரக் குரல் உயரத்தை அடிக்கணக்கில் சொல்லிக்கொண்டே இறங்கியது. ஐம்பது. நாற்பது. கேப்டனின் வலது கால் பெடலின் மேல் இருந்தது. முப்பது. இப்போது மிதிக்க வேண்டும். கால் கேட்டது, வரவில்லை. இருபது.

அப்போது பெடல் தானாகப் போனது.

சரியாகப் போனது. அளவாக, அவசரமில்லாமல். மூக்கு நேரானது. கைகள் பழக்கத்தில் இடது இறக்கையைத் தாழ்த்திப் பிடித்தன. சக்கரங்கள் நடுக்கோட்டின் மேல் தொட்டன. பெடல் அப்படியே அழுந்தி நின்றது. வேகம் குறைந்த பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது.

"ரொம்ப நல்லா இருந்தது கேப்டன்" என்றார் பரிசோதகர். "இதுதான் எனக்கு வேணும். இன்னொன்னு இதே மாதிரி, அப்புறம் வீட்டுக்குப் போகலாம்."

கேப்டன் வலப்பக்கம் பார்த்தார். மச்சினன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் இரண்டும் தொடைமேல், பள்ளிக்கூடப் புகைப்படத்தில் இருப்பதுபோல. கீழே, அவனுடைய வலது ஷூ மட்டும் பெடலிலிருந்து நழுவித் தரைக்கு வந்தது.

இரண்டு இருக்கைகளின் பெடல்களும் உள்ளே ஒன்றாகக் கட்டப்பட்டவை. ஒன்று போனால் மற்றதும் போகும். பெட்டியின் கணினி பெடல் எவ்வளவு போனது என்று பதியும். யார் கால் என்று அதற்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருந்த பரிசோதகருக்கும் தெரியவில்லை.

கேப்டன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சும்மா இருந்தால் இடது இருக்கை மிஞ்சும். அடுத்த வாரமே நிஜ விமானம், நிஜக் காற்று, பின்னால் எழுபது பேர். வலப்பக்கம் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அவருடைய அக்கா வேறு யாருக்கோ மனைவி. வாயைத் திறந்தால் தன் இருக்கை சந்தேகம். கூடவே இவனுடைய அடுத்த மாதமும் சந்தேகம்.

"மூணாவது போடட்டுமா?" என்றார் பரிசோதகர்.

"மேடம், ரெண்டாவதைக் கணக்குல எடுக்காதீங்க."

"ஏன்?"

"பெடல் போனது என் கால்ல இல்ல."

பரிசோதகர் கண்ணாடியை மூக்கிலிருந்து இறக்கினார். "அப்ப யார் கால்ல?"

மச்சினன் தொண்டையைச் செருமினான். "தானா போயிடுச்சு மேடம்."

"கால் தானா போகுமா தம்பி? கண்ட்ரோல்ஸ் யார்கிட்ட இருந்தது?"

"அவர்கிட்ட."

"நீங்க கேட்டு வாங்கினீங்களா?"

"இல்ல."

பரிசோதகர் விளக்கைப் போட்டார். போலி ஊர் வெளுத்துப்போனது. "பதினஞ்சு நிமிஷம் வெளிய போயிட்டு வாங்க. எனக்கும் டீ வேணும்."

கூடத்தை ஒட்டிய நடைவழியில் துப்புரவுப் பெண் ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்தை மிதிக்காமல் இருவரும் சுவரோரமாக நின்றார்கள்.

"என்ன அத்தான் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றான் மச்சினன். குரலை அடக்கிப் பேசினான். "நானே மென்னு முழுங்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க போய் மைக் போட்டுச் சொல்றீங்க."

"நீ ஏன் மிதிச்ச?"

"நீங்க மிதிக்கல."

"அதைச் சொல்றதுக்குத்தானே உன்னை உக்காரவெச்சிருக்கு?"

"சொல்ல வந்தேன். வாய்க்கு முன்னாடி கால் போயிடுச்சு."

"டிரிஃப்ட்னு ஒரு வார்த்தை. கோ அரவுண்ட்னா ரெண்டு வார்த்தை. என்ன கஷ்டம்?"

"சொன்னா நீங்க ஃபெயில்."

"யார் சொன்னா? சொல்லியும் நான் மேல போகலைன்னாதான் ஃபெயில். அந்த அம்மா போர்டுல எழுதிப் போட்டுப் பாடம் நடத்தினாங்களே, நீ எங்க இருந்த?"

மச்சினன் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு வரைபடத்தைப் படிப்பவன்போல நின்றான். பிறகு, "வேற யாராவதா இருந்தா சொல்லியிருப்பேன் அத்தான்" என்றான். "போன மாசம் ஒரு கேப்டனை ரெண்டு தடவை மேல ஏத்திவிட்டேன். அவர் எனக்குத் தேங்க்ஸ் சொன்னார். உங்களை எப்படி அதட்டறது? எனக்குச் சைக்கிள் கத்துக்கொடுத்தவர் நீங்க. வீட்ல உங்க முன்னாடி நான் கால் மேல கால் போட்டதில்ல."

"இன்னிக்கு என் கால் மேலயே போட்டுட்ட."

மச்சினனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினான். அடங்கவில்லை.

"சிரிக்காதடா. போன வருஷம் கல்யாணத்துக்குப் போறப்ப நான் தப்பான ரோட்ல திரும்பினேனே, ஞாபகம் இருக்கா? நாற்பது கிலோமீட்டர். பின் சீட்ல உம்முனு வந்த. சாப்பாடு முடிஞ்சு பந்தி நடந்த இடத்தைக் கழுவிவிட்டாங்க, அப்பதான் போய்ச் சேர்ந்தோம். உனக்கு வழி தெரியும்தானே?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏதாவது குறுக்கு வழி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

கேப்டனுக்கும் சிரிப்பு வந்தது. அடங்கும்வரை சிரித்தார். பிறகு, "இப்ப நான் வலப்பக்கம் விலகறேன்னு வெச்சுக்கோ. சொல்லு" என்றார்.

"இங்கயா?"

"இங்கதான்."

"அத்தான், கொஞ்சம் வலப்பக்கம்…"

"அந்தக் கொஞ்சம் முடியறதுக்குள்ள புல்லுல இருப்போம். அத்தானை முழுங்கு. கொஞ்சத்தை முழுங்கு."

"டிரிஃப்ட் ரைட்."

"பக்கத்து வீட்ல குழந்தை தூங்குதா?"

"டிரிஃப்ட் ரைட்!"

"இன்னும்."

"டிரிஃப்ட்! கோ அரவுண்ட்!"

துப்புரவுப் பெண் துடைப்பானை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "சார், எதுவா இருந்தாலும் உக்காந்து பேசித் தீர்த்துக்கோங்க" என்றார்.

திரும்பி வந்தபோது பரிசோதகர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக இருந்தார்.

"ரெண்டாவது கணக்குல இல்ல. அதுக்கும் மூணாவதுக்கும் சேர்த்து ஒரு இறக்கம் தர்றேன். ஒண்ணுதான். காத்து அனுமதிச்ச எல்லைக்குள்ளதான் இருக்கும், ஆனா சீரா இருக்காது. துணை விமானி, உங்க பாதம் தரையில. கேப்டன், உங்க காலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. உங்களுக்கே தெரியும்."

போலி ஊர் மறுபடி விரிந்தது. இம்முறை ஏரியில் அலை இருந்தது. விமானம் தள்ளாடியது. கேப்டன் மூக்கை இடப்பக்கம் திருப்பிப் பிடித்து இறங்கினார். கால் எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு நொடியும் தெரிந்தது. அப்படித் தெரிவதுதான் சிக்கல். நடக்கும்போது கால் எங்கே என்று யாரும் யோசிப்பதில்லை.

ஐம்பது. நாற்பது. முப்பது. மிதித்தார். இந்த முறை அவருடைய கால்தான். மூக்கு நேராக வந்தது. வந்த அதே நேரத்தில் காற்று ஓர் அறை அறைந்தது. ஓடுபாதையின் நடுக்கோடு இடப்பக்கம் நழுவத் தொடங்கியது.

"டிரிஃப்ட் ரைட்."

இறக்கையைத் தாழ்த்தினார். போதவில்லை.

"டிரிஃப்ட் ரைட்!"

இன்னும் தாழ்த்தினார். கோடு நின்றது. நின்றதா? தரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் ஓர் ஆள் உயரம். இதைச் சமாளித்துவிடலாம். இதைவிட மோசமானதையெல்லாம் சமாளித்தவர் அவர். ஒண்ணுதான் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். இதை விட்டால்…

"கோ அரவுண்ட்!"

அந்தக் குரல் யாருடையது என்று ஒரு கணம் அவருக்குப் பிடிபடவில்லை. அத்தனை வருடமாக வீட்டில் கேட்ட குரல் அது இல்லை. தெருவில் குறுக்கே ஓடும் மாட்டை விரட்டுகிறவன் குரல்.

வலது கை இயந்திர நெம்புகோல்களை முன்னால் தள்ளியது. முதுகு இருக்கையில் அழுந்தியது. சக்கரங்கள் தரையைத் தொடாமலே ஓடுபாதை கீழே போய்விட்டது.

"கோ அரவுண்ட்" என்று தானும் சொன்னார். "சக்கரத்தை மடக்கு."

"மடக்கியாச்சு கேப்டன்."

ஏரியைச் சுற்றிக்கொண்டு திரும்பினார்கள். பரிசோதகர் எதுவும் சொல்லவில்லை. இறக்கம் ஒன்றுதான் என்றவர், பெட்டியையும் நிறுத்தவில்லை. கேப்டன் கேட்கவில்லை. ஓடுபாதை முன்னால் இருக்கும்வரை இறங்குவது அவர் வேலை.

காற்று குறையவில்லை. முப்பதில் மிதித்தார். கோடு லேசாக நழுவியது. "டிரிஃப்ட் ரைட்" என்றது குரல். இறக்கையைத் தாழ்த்தினார். கோடு திரும்பி வந்தது. இடது சக்கரம் முதலில், வலது சக்கரம் பிறகு, இரண்டும் சேர்ந்து ஓர் இடி. பல் கடகடத்தது. நடுக்கோட்டுக்கு ஓரடி இடப்பக்கம். காலை எடுக்கவில்லை. தொடை நடுங்கியது, எடுக்கவில்லை. விமானம் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்த பிறகும் எடுக்காமல் இருந்தார்.

"போதும் கேப்டன்" என்றார் பரிசோதகர். "இன்னும் மிதிச்சா பெடல் என் பக்கம் வந்துடும்."

விளக்க அறையில் அவர் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இறங்கினது அழகா இல்ல. ஆனா அது உங்க இறக்கம். மேல போனது நல்லா இருந்தது. சொன்ன உடனே போனீங்க. அந்த உயரத்துல நிறையப் பேர் போக மாட்டாங்க, இருந்து பார்ப்பாங்க. நான் கையெழுத்துப் போடறேன். முதல் சில பயணங்களுக்கு ஒரு பயிற்சிக் கேப்டன் கூட வருவார்."

"நன்றி மேடம்."

"ஒண்ணுதான்னு சொன்னேனே, ஏன் ரெண்டாவது தடவை விட்டேன்னு கேட்கலையே."

"ஏன் மேடம்?"

"தொட்டாத்தானே இறக்கம். நீங்க தொடலையே."

பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். அவன் ஏற்கெனவே தலையைக் குனிந்திருந்தான்.

"தம்பி, கடைசியில உங்க குரல் நல்லா இருந்தது. எழுதறேன். ஆனா ரெண்டாவதுல நீங்க செஞ்சதையும் எழுதணும். ஒருத்தர் பறக்கும்போது சொல்லாம கொள்ளாம இன்னொருத்தர் கால் வெச்சா, யார் பறக்கறாங்கன்னே தெரியாது. பார்த்துச் சொல்ற வேலைக்கான பயிற்சியை மறுபடி முடிச்சுட்டுத்தான் தேர்வுக் குழு. அடுத்த மாசம் நடக்காது."

"எப்ப மேடம்?"

"அடுத்த குழு கூடும்போது. ஆறு மாசமாகலாம்."

மச்சினன் தலையாட்டினான். கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரிசோதகர் கை காட்டி நிறுத்தினார். "இதுல பேச ஒண்ணும் இல்ல கேப்டன்."

வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் சுட்டது. மச்சினன் டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்தான். இருவர் வண்டிகளும் அடுத்தடுத்து நின்றிருந்தன. யாரும் கதவைத் திறக்கவில்லை.

"ஆறு மாசம்" என்றார் கேப்டன்.

"ம்."

"நான் சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றான் மச்சினன். வழக்கமாக இந்த இடத்தில் அவன், அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தான், என்பான். இப்போது சொல்லவில்லை. சாவியை விரலில் சுற்றினான். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "எனக்குக் கோபமா இருக்கு" என்றான்.

சாவியைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"நீங்க பண்ணது சரிதான். எனக்கே தெரியுது. நீங்க சும்மா இருந்திருந்தா அடுத்த தடவையும் மிதிச்சிருப்பேன். ஆனா கோபமா இருக்கு. ராத்திரி சாப்பிட வர மாட்டேன். அக்கா கேட்டா நீங்களே சொல்லிக்கோங்க."

"சொல்றேன்."

"எத்தனை நாள் இருக்கும்னு தெரியல."

"இருக்கட்டும்."

அவன் வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, கிளம்பினான். வழக்கமாகத் தலையைக் குனிந்து வணக்கம் மாதிரி ஒன்று வைப்பான். இன்று வைக்கவில்லை.

கேப்டனின் கைப்பேசி அதிர்ந்தது. மனைவி. பின்னணியில் பல் ராவும் இயந்திரத்தின் கீச்சொலி.

"என்ன ஆச்சு?"

"பாஸ்."

அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. யாரிடமோ, "ஒரு நிமிஷம், வாயை மூடாதீங்க" என்றாள். பிறகு, "தம்பி பார்த்துக்கிட்டானா?" என்றாள்.

கேப்டன் வண்டிக் கதவைத் திறந்தார். உள்ளிருந்து அனல் வந்தது. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியில் நின்றார்.

"அதைச் சொல்லணும்" என்றார். "நோயாளியை முதல்ல முடிச்சு அனுப்பு. நான் லைன்ல இருக்கேன்."